லோகோவைத் தாண்டாத போன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சிக்கலைப் பற்றியவை: அப்டேட் போட்ட பிறகு போன் எழவில்லை. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரே மாதிரியான கடிதங்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறேன்.

கேள்வி: இரவில் அப்டேட் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் என் ஆண்ட்ராய்டு போன் லோகோவிலேயே நிற்கிறது. பவர் பொத்தானை அழுத்தி அணைத்துப் போட்டாலும் லோகோ வரை வந்து, மறுபடி அணைந்து, மறுபடி லோகோவுக்கே வருகிறது. கடையில் காட்டினேன். சாஃப்ட்வேர் போட வேண்டும், உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் என்கிறார்கள். மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் அதில்தான் இருக்கின்றன. வேறெங்கும் பிரதி இல்லை. ஏதாவது வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் முதலில் போனைக் கடையிலிருந்து வாங்கி வந்துவிடுங்கள். அப்டேட் தோற்றதால் மட்டும் படங்கள் அழிந்துபோவது அரிது. அப்டேட் மாற்றி எழுதுவது இயங்குதளம் இருக்கும் பகுதியை. உங்கள் படங்கள் இருப்பது வேறொரு பகுதியில். பெரும்பாலானோர் படங்களை இழப்பது, அப்டேட் தோற்ற பிறகு அவசரத்தில் செய்யும் அடுத்த வேலையால்தான். எனவே அழிக்காத வழிகள் அத்தனையும் தீர்ந்த பிறகே அழிக்கும் வழியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

போன் உண்மையிலேயே சுற்றிச் சுற்றி வருகிறதா, அல்லது ஒரே லோகோவில் அசையாமல் நிற்கிறதா என்பதைக் கவனியுங்கள். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு முதல் முறை இயங்கும்போது போன் தன்னிடம் உள்ள செயலிகளையெல்லாம் புதிய பதிப்புக்கு ஏற்ப மறுபடி தயார்செய்ய வேண்டியிருக்கும். செயலிகள் நிறைய இருந்து, சேமிப்பிடமும் நிரம்பியிருந்தால் இதற்கு வழக்கத்தைவிட அதிக நேரம் ஆகும். லோகோ அசைந்துகொண்டிருந்தால் சார்ஜரில் போட்டு அரை மணி நேரம் தொடாமல் விட்டுவிடுவது நல்லது. அதன் பிறகும் அப்படியே இருந்தால் பவர் பொத்தானை அரை நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள்; சில போன்களில் பவரையும் வால்யூம் குறைக்கும் பொத்தானையும் சேர்த்துப் பத்து விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றி மாட்டிய காலத்தில் கிடைத்த பலன் இன்று இதில்தான் கிடைக்கிறது. இதனால் எதுவும் அழியாது.

போன் தானாகவே திரும்பத் திரும்ப முயல்வதையும் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். 2016-ல் வந்த ஆண்ட்ராய்டு 7.0 முதல், இயங்குதளத்துக்கு இரண்டு இடங்களை ஒதுக்கும் முறை வந்தது; ஏ என்றும் பி என்றும் அவற்றுக்குப் பெயர். நீங்கள் ஏ-வில் இயங்கிக்கொண்டிருந்தால் அப்டேட் பி-யில் எழுதப்படும். குடியிருக்கும் வீட்டை இடிக்காமல் பக்கத்து மனையில் புது வீட்டைக் கட்டி, சாமான்களோடு அங்கே போய்ப் பார்த்து, சரிப்படவில்லை என்றால் பழைய வீட்டுக்கே திரும்பிவிடுவது போன்ற ஏற்பாடு இது. புதிய இடத்திலிருந்து சில முறை எழ முயன்று தோற்றால், போன் எழும்போது முதலில் ஓடும் சிறு நிரலான பூட்லோடர் தானாகவே பழைய இடத்துக்கு மாற்றிவிடும். அதனால் சில போன்கள் நான்கைந்து முறை அணைந்து எழுந்து தடுமாறிவிட்டு, பிறகு பழைய பதிப்பிலேயே ஒன்றுமே நடக்காதது போல் திறந்துகொள்வதைப் பார்க்கலாம். ஆண்ட்ராய்டு 11 முதல் இதே ஏற்பாட்டைக் குறைந்த இடத்தில் செய்யும் வகை வந்தது. சாம்சங் நீண்ட காலம் பழைய முறையிலேயே இருந்துவிட்டு, 2024-ல் வந்த கேலக்ஸி ஏ55 மாடலில்தான் இதற்கு மாறத் தொடங்கியது. பழைய முறையில் இருக்கும் ஒரே இடத்தின் மீதே எழுதுவதால், பாதியில் மின்சாரம் போனால் திரும்ப வேறு வீடு கிடையாது.

இனி ரெக்கவரி. இயங்குதளம் எழாதபோதும் போனைச் சரிசெய்ய உதவும் தனிப் பட்டியல் இது. பல போன்களில், அணைந்த நிலையில் பவரையும் வால்யூம் கூட்டும் பொத்தானையும் சேர்த்துப் பிடித்தால் இது வரும். புதிய சாம்சங் போன்களில் கேபிள் வழியே கணினியுடன் இணைத்திருந்தால்தான் வரும். இது தெரியாமல் பொத்தான் பழுது என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. பிக்சலில் பவருடன் வால்யூம் குறைக்கும் பொத்தானைப் பிடித்து ஃபாஸ்ட்பூட் திரைக்குப் போய், அங்கிருந்து ரெக்கவரி மோட் என்பதைத் தேர்வுசெய்ய வேண்டும். அப்போது மல்லாந்து கிடக்கும் ஆண்ட்ராய்டு பொம்மையும், கீழே நோ கமாண்ட் என்ற வரியும் தெரியும். அது பிழைச் செய்தி போல இருந்தாலும் பிழையன்று. பவரை அழுத்தியபடியே வால்யூம் கூட்டும் பொத்தானை ஒரு முறை தட்டினால் பட்டியல் திறக்கும்.

அந்தப் பட்டியலில் தொடுதிரை பெரும்பாலும் வேலை செய்யாது. வால்யூம் பொத்தான்களால் மேலும் கீழும் நகர்ந்து, பவரால் தேர்வுசெய்ய வேண்டும். ரீபூட் சிஸ்டம் நவ் என்பதை முதலில் முயலுங்கள். வைப் கேஷ் பார்ட்டிஷன் என்ற வரி இருந்தால் அதையும் செய்யலாம். அது தற்காலிகக் கோப்புகளை மட்டுமே நீக்கும். ஆனால் எல்லாவற்றையும் அழிக்கும் வைப் டேட்டா, ஃபேக்டரி ரீசெட் என்று எழுதியிருக்கும் வரி பெரும்பாலும் அதற்கு மேலேயோ கீழேயோ ஒட்டினாற்போல் இருக்கும் என்பதால், பவரை அழுத்தும் முன் எந்த வரி நிறம் மாறியிருக்கிறது என்பதை இரண்டு முறை படியுங்கள். தவறி அதை அழுத்திவிட்டாலும் உடனே அழியாது. உறுதிப்படுத்தும் இன்னொரு திரை வரும், அதில் வேண்டாம் என்பதே முதலில் தேர்வாகியிருக்கும். சில சாம்சங் போன்களில் ரிப்பேர் ஆப்ஸ் என்றொரு வரியும் உண்டு. அது செயலிகளை மறுபடி தயார்செய்யும் வேலைதான், படங்களைத் தொடாது.

ஆண்ட்ராய்டு இயங்குதளத்தைத் திறக்க முடியவில்லை, உங்கள் தகவல்கள் கெட்டுப்போயிருக்கலாம் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு திரை வந்து, கீழே டிரை அகெய்ன் என்றும் ஃபேக்டரி டேட்டா ரீசெட் என்றும் இரண்டு வழிகளை மட்டும் காட்டுகிறதா? ஆண்ட்ராய்டு 8.0 முதல், திரும்பத் திரும்ப விழும் போனைத் தானாக மீட்க முயலும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. தன்னால் ஆனதையெல்லாம் செய்துவிட்டுக் கடைசியில் அது காட்டும் திரை இது. தகவல்கள் கெட்டுப்போயிருக்கலாம் என்பது ஊகம்தான், தீர்ப்பன்று. டிரை அகெய்ன் என்பதை ஒரு முறைக்குப் பல முறை அழுத்திப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் மசியாவிட்டால், அப்டேட்டையே கேபிள் வழியே மறுபடி போடலாம். ரெக்கவரியில் அப்ளை அப்டேட் ஃப்ரம் ஏடிபி என்ற வரி இதற்காகவே இருக்கிறது. உங்கள் மாடலுக்கான முழு அப்டேட் கோப்பை நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்கிக்கொள்ள வேண்டும். கூகுள் தன் பிக்சல் போன்கள் அனைத்துக்கும் இவற்றை வெளியிட்டு வைத்திருக்கிறது. கணினியில் கூகுள் தரும் பிளாட்ஃபார்ம் டூல்ஸ் என்ற சிறிய தொகுப்பு இருந்தால் போதும். கணினியிலிருந்து போனுக்குக் கட்டளையிட அனுமதிக்கும் யூஎஸ்பி டீபக்கிங் என்ற அமைப்பை முன்பே இயக்கி வைத்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. கோப்பில் நிறுவனத்தின் கையொப்பம் சரியாக இருந்தால்தான் போன் ஏற்கும். போனில் இருப்பதைவிடப் பழைய பதிப்பாக இருந்தால் மறுத்துவிடும். கணினித் திரையில் 47 சதவீதத்திலேயே எண்ணிக்கை நின்றுவிடுவதைக் கண்டு பயந்து கேபிளைப் பிடுங்கிவிடாதீர்கள். கணினியின் எண்ணிக்கையை நம்ப வேண்டியதில்லை. போன் திரையின் அடியில் ஸ்டேட்டஸ் 0 என்று முடிந்திருந்தால் வேலை வெற்றிகரமாக முடிந்தது என்று பொருள். இந்த வழியிலும் படங்கள் அப்படியே இருக்கும்.

கோப்பை வெளியிடாத நிறுவனம் என்றால் அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். அங்கே போனைக் கொடுக்கும்போது, தகவல்களை அழிக்காமல் இயங்குதளத்தை மட்டும் மறுபடி போட்டுத் தாருங்கள், முடியாது என்றால் எதையும் செய்யும் முன் என்னைக் கேளுங்கள் என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள். இது நடைமுறையில் முடியாத கோரிக்கையன்று. சாம்சங் போன்களுக்கான தொகுப்பில் சிஎஸ்சி, ஹோம் சிஎஸ்சி என்று இரண்டு கோப்புகள் இருக்கும். முதலாவதைப் போட்டால் எல்லாம் அழியும், இரண்டாவதைப் போட்டால் இருப்பவை இருக்கும். அவசரக்காரர் கையில் போன் சிக்கினால் முதலாவதைப் போட்டுவிடுவார், ஏனென்றால் அதில் மறுபடி புகார் வருவது குறைவு. உங்களிடம் கடைக்காரர் சொன்னது பொய்யென்று சொல்ல மாட்டேன். அவருக்கு எளிதான வழியைச் சொல்லியிருக்கிறார்.

பூட்லோடரைத் திறந்து சரிசெய்கிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். பூட்லோடரைத் திறக்கும் அந்தக் கணமே பயனர் தகவல்கள் அனைத்தும் அழிக்கப்படும்படிதான் போன்கள் அமைக்கப்பட்டுள்ளன.

கேள்வி: உங்களுக்கு எழுதுவதற்கு முன்பே ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டேன். போன் இப்போது நன்றாக இயங்குகிறது, படங்கள்தான் இல்லை. அழிந்த படங்களை மீட்டுத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களின் விளம்பரங்களைப் பார்க்கிறேன். எதை வாங்கலாம்?

பதில்: எதையும் வாங்க வேண்டாம். பழைய கணினிகளில் அழித்த கோப்பை மீட்க முடிந்ததற்குக் காரணம், பெயர் மட்டும் நீங்கி உள்ளடக்கம் வட்டில் அப்படியே கிடந்ததுதான். இன்றைய போனில் உள்ளடக்கம் முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டு, அதாவது திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாத வடிவில்தான் எழுதப்படுகிறது. 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் புதிதாக வெளிவரும் எல்லா போன்களுக்கும் இது கட்டாயம். ரீசெட் செய்யும்போது அழிவது அந்தக் குறியாக்கத்தின் திறவுகோல். திறவுகோல் போனபின் சேமிப்புச் சிப்பையே மதர்போர்டிலிருந்து பெயர்த்தெடுத்துப் படித்தாலும் பொருளற்ற எண்களே கிடைக்கும்.

ஆனால் போனுக்கு வெளியே தேடிப் பாருங்கள். கூகுள் போட்டோஸில் பேக்கப் எப்போதோ இயக்கத்தில் இருந்திருக்கலாம். உங்களிடம் இருக்கக்கூடிய எல்லா ஜிமெயில் கணக்குகளிலும் நுழைந்து பாருங்கள், குப்பைத் தொட்டியையும் விட்டுவிடாதீர்கள், பேக்கப் ஆகி அழிக்கப்பட்ட படங்கள் அதில் 60 நாட்கள் இருக்கும். வாட்ஸ்அப் பேக்கப் கூகுள் கணக்கில் இருந்தால், அதே எண்ணை வைத்து நிறுவும்போது மீட்கவா என்று கேட்கும்; அந்தத் திரையைத் தாண்டிவிட்டால் செயலியை நீக்கி மறுபடிதான் நிறுவ வேண்டும். வாட்ஸ்அப்பில் உறவினர்களுக்கு அனுப்பிய படங்கள் அவர்கள் போன்களில் இருக்கும். தரம் சற்றுக் குறைந்திருக்கும், அவ்வளவுதான். மெமரி கார்டு போட்டிருந்தால் அதை வேறொரு கருவியில் படிக்கலாம். ஆனால் கார்டை போனின் உள் சேமிப்பாக மாற்றி வைத்திருந்தீர்களானால் அதன் திறவுகோலும் ரீசெட்டோடு போயிருக்கும்.

கேள்வி: என் ஐபோன் அப்டேட்டின் நடுவே நின்று, கணினியையும் கேபிளையும் காட்டும் படத்தோடு இருக்கிறது. கணினியில் இணைத்தால் அப்டேட், ரீஸ்டோர் என்று இரண்டு பொத்தான்கள். எதை அழுத்துவது? ஐக்ளவுடில் இடம் போதாததால் பேக்கப் பல மாதங்களாக இல்லை.

பதில்: அப்டேட். ரீஸ்டோர் என்பது எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது. அப்டேட் என்பது உங்கள் தகவல்களைத் தொடாமல் இயங்குதளத்தை மட்டும் மறுபடி நிறுவ முயல்வது. இரண்டும் அருகருகே ஒரே அளவில் இருப்பதால், கை தவறுவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு.

மேக் கணினியில் 2019-ல் வந்த கேட்டலினா பதிப்பு முதல் ஃபைண்டர் வழியாகவும், விண்டோஸில் ஆப்பிள் டிவைசஸ் அல்லது ஐட்யூன்ஸ் வழியாகவும் இதைச் செய்யலாம். கணினி இயங்குதளத்தை இறக்க 15 நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டால் போன் அந்தத் திரையிலிருந்து தானாக வெளியேறிவிடும். பலர் அப்டேட் மறுபடி தோற்றுவிட்டது என்று இந்த இடத்தில்தான் ரீஸ்டோரை அழுத்துகிறார்கள். தோற்கவில்லை, இறக்கம் முடியும் வரை காத்திருந்து, போனை மறுபடி அதே திரைக்குக் கொண்டுவந்து, மறுபடி அப்டேட்டை அழுத்தினால் போதும். ஐபோன் 8-க்கும் அதற்குப் பின் வந்தவற்றுக்கும் வழி இதுதான்: வால்யூம் கூட்டும் பொத்தானை அழுத்தி விடுங்கள், குறைக்கும் பொத்தானை அழுத்தி விடுங்கள், பிறகு பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். ஆப்பிள் லோகோ வந்ததும் விட்டால் அது வெறும் ரீஸ்டார்ட். விடாமல் கேபிள் படம் வரும்வரை பிடித்திருந்தால் ரெக்கவரி. 7-ல் வால்யூம் குறைக்கும் பொத்தானையும் பக்கவாட்டுப் பொத்தானையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

4013 போன்ற பிழை எண் வந்தால், போனைக் குறை சொல்லும் முன் கேபிளையும் கணினியின் துளையையும் மாற்றிப் பாருங்கள். ஹப் வழியே இணைத்திருந்தால் நேரடியாக இணையுங்கள். எல்லாவற்றையும் மாற்றியும் அதே எண் வந்தால் வன்பொருளில் பழுது இருக்க வாய்ப்பு அதிகம். ஐபோன் 16 வரிசையைச் சேர்ந்த போன் என்றால் கணினியே இல்லாமலும் முயலலாம்: ஐஓஎஸ் 18 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புள்ள இன்னோர் ஐபோனை அருகில் வைத்து, அதன் வழியே மீட்கும் வசதி அவற்றில் உண்டு.

கேள்வி: அப்டேட்டுக்குப் பின் போன் மிகவும் மெதுவாகிவிட்டது. பழைய பதிப்புக்குத் திரும்ப முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியாது, முடிந்தாலும் தகவல்களை இழந்துதான். ஐபோனில் எந்தப் பதிப்பை நிறுவினாலும் ஆப்பிளின் ஒப்புதல் அந்த நேரத்தில் கிடைத்தாக வேண்டும். புதிய பதிப்பு வந்து சிறிது காலத்தில் பழையதற்கு ஒப்புதல் தருவதை அது நிறுத்திவிடும். ஆண்ட்ராய்டிலும், பாதுகாப்புக் குறையுள்ள பழைய பதிப்பைத் திருட்டுத்தனமாகப் போட்டு உள்ளே நுழைவதைத் தடுக்க, பின்வாங்க விடாத எண் ஒன்று போனுக்குள் எழுதப்படுகிறது. 2022 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டு 13 வந்தபோது, பிக்சல் 6 வரிசை போன்கள் அதற்கு மாறிய பின் 12-க்குத் திரும்ப முடியாது என்று கூகுளே முன்கூட்டி எச்சரித்தது. வேகக் குறைவைப் பொறுத்தவரை, புதிய அப்டேட்டுக்குப் பின் சில நாட்கள் பின்னணியில் வேலைகள் நடந்துகொண்டிருக்கும். ஒரு வாரம் பொறுங்கள். சேமிப்பிடத்தைக் கொஞ்சம் காலிசெய்யுங்கள்.

கேள்வி: அப்பாவின் போன் அப்டேட்டில் நின்றுபோய், கடையில் கொடுத்து ரீசெட் செய்து வாங்கினோம். இப்போது முன்பு பயன்படுத்திய கூகுள் கணக்கைக் கேட்கிறது. அப்பாவுக்கு எந்தக் கணக்கு என்றே நினைவில்லை. யாரோ ஆரம்பத்தில் போட்டுக் கொடுத்தது. வேறொரு கடையில் இந்தப் பூட்டை உடைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள்.

பதில்: இது 2015-ல் ஆண்ட்ராய்டு 5.1-உடன் வந்த திருட்டுத் தடுப்பு. ரெக்கவரி வழியே ரீசெட் ஆன போனை, அதன் பழைய உரிமையாளர்தான் திறக்கிறார் என்று உறுதிசெய்யவே இப்படிக் கேட்கிறது. அந்தத் திரையிலேயே பழைய பின் எண்ணை அல்லது பேட்டர்னைப் பயன்படுத்தலாம் என்ற வரி சில போன்களில் இருக்கும். அப்பாவுக்குக் கணக்கு மறந்திருந்தாலும் தினமும் போட்ட பேட்டர்ன் மறந்திருக்காது, முதலில் அதைப் பாருங்கள்.

இல்லையென்றால் கணக்கைக் கண்டுபிடிக்க வேண்டும். கூகுளின் கணக்கு மீட்புப் பக்கத்தில் அவருடைய தொலைபேசி எண்ணையும் பெயரையும் கொடுத்தால் அந்த எண்ணோடு இணைந்த கணக்கைக் காட்டும். வீட்டில் அவர் எப்போதாவது பயன்படுத்திய கணினியிலிருந்து, வீட்டு இணைய இணைப்பிலேயே செய்தால் நம்பகத்தன்மை கூடும். கடவுச்சொல்லை மாற்றினால் ஒரு நாள் முழுக்கக் கழித்துப் போனில் முயலுங்கள். மாற்றிய கையோடு போட்டால் சில சமயம் ஏற்காது. இதுவும் கைகொடுக்காவிட்டால், வாங்கிய ரசீதோடு நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரை அணுகலாம். பூட்டை உடைப்பவர்கள் போனில் எதை நிறுவுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. அதே போனில்தான் அப்பா நாளை வங்கிச் செயலியைத் திறக்கப்போகிறார். ரீசெட் செய்யும் முன் கணக்கின் விவரம் தெரியுமா என்று முதல் கடைக்காரர் கேட்டிருக்க வேண்டும். ஐபோனிலும் 2013-ல் வந்த ஐஓஎஸ் 7 முதல் இதே போன்ற பூட்டு உண்டு.

கேள்வி: என் போனில் லோகோகூட வரவில்லை, திரை முழுக்கக் கருப்பு. கணினியில் இணைத்தால் குவால்காம் 9008 என்று ஏதோ காட்டுகிறது. போன் செத்துவிட்டதா?

பதில்: இல்லை. திரை கருப்பாக இருப்பவர்கள் பொதுவாக முதலில் வேறொரு போனிலிருந்து அழைத்துப் பார்க்க வேண்டும்; மணியடித்தால் பழுது திரையில்தான், அப்டேட்டில் அன்று. உங்கள் நிலை வேறு. பூட்லோடரே கெட்டுப்போனால் பிராசஸர் சிப்புக்குள் அழியாமல் பதிக்கப்பட்டிருக்கும் ஒரு சிறு நிரல் விழித்துக்கொண்டு, என்னை மறுபடி எழுதுங்கள் என்று கேபிள் வழியே காத்திருக்கும். குவால்காம் சிப்பில் அந்த நிலையைத்தான் 9008 என்ற எண் காட்டுகிறது. ஆனால் அதனோடு பேசுவதற்கு நிறுவனம் கையொப்பமிட்ட கோப்பு தேவை. அது பொதுவாக சர்வீஸ் சென்டரில்தான் இருக்கும். இணையத்தில் கிடைக்கும் கோப்புகளை வைத்து வீட்டில் முயல வேண்டாம். சிம் அடையாளம், நெட்வொர்க் அளவீடுகள் போன்றவை இருக்கும் பகுதி தவறுதலாக அழிந்துவிட்டால், போன் எழுந்தாலும் சிக்னல் வராது.

கேள்வி: ரீசெட் செய்யாமல் எத்தனை நாள்தான் போனை அப்படியே வைத்திருப்பது? நிறுவனம் வந்து சரிசெய்யப் போகிறதா என்ன?

பதில்: சில சமயம் சரிசெய்கிறது. 2023 அக்டோபரில் ஆண்ட்ராய்டு 14 வந்தபோது, ஒன்றுக்கு மேற்பட்ட பயனர் கணக்குகளை வைத்திருந்த பிக்சல் 6 மற்றும் அதற்குப் பிந்தைய போன்கள் சிலவற்றில் சேமிப்பிடமே பூட்டிக்கொண்டது. உள்ளே இருந்த படங்களை உரிமையாளராலேயே திறக்க முடியவில்லை, சில போன்கள் ஓயாமல் அணைந்து எழுந்தன. உடனே ரீசெட் செய்தவர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள். ஓயாமல் அணைந்து எழாத போன்களுக்கு, அந்தச் சேமிப்பிடத்தை மறுபடி திறந்து தரும் அப்டேட்டை நவம்பரில் கூகுள் வெளியிட்டது. 2016 தொடக்கத்தில், வெளியாட்களிடம் முகப்புப் பொத்தானை மாற்றிய ஐபோன் 6 போன்கள் அப்டேட்டுக்குப் பின் பிழை 53 என்று காட்டி முடங்கின. அவற்றையும் பிப்ரவரியில் ஆப்பிள் திருத்திய ஐஓஎஸ் 9.2.1-ஐக் கணினி வழியே போட்டு மீட்க முடிந்தது.

எல்லா முடக்கங்களுக்கும் இப்படி மருந்து வரும் என்று சொல்ல முடியாது. 2024 செப்டம்பரில் ஐபேடுகளுக்கான பதிப்பு 18, எம்4 சிப் கொண்ட ஐபேட் புரோக்கள் சிலவற்றை முடக்கியபோது, ஆப்பிள் அந்த அப்டேட்டை அந்த மாடல்களுக்குத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. ஏற்கெனவே எழாமல் போனவற்றுக்கு அது பயன்படவில்லை. ஆகவே படங்கள் விலைமதிப்பற்றவை என்றால், உங்களைப் போன்றே அதே மாடலில் அதே வாரத்தில் பலர் பாதிக்கப்பட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பலர் என்றால் நிறுவனத்தின் தவறு. பொறுப்பதில் பலன் உண்டு. இன்னொரு பழைய போனில் சிம்மைப் போட்டுக்கொண்டு சில வாரங்கள் ஓட்டலாம். நீங்கள் ஒருவர் மட்டும் என்றால், கோளாறு உங்கள் போனின் சேமிப்பிடத்திலோ வன்பொருளிலோ இருக்கக்கூடும். அப்போது காத்திருப்பதைவிட சர்வீஸ் சென்டர் மேல்.

கேள்வி: அப்படியானால் அப்டேட்டே போடாமல் இருந்துவிடலாமே?

பதில்: கூடாது. மாதந்தோறும் வரும் சிறு அப்டேட்டுகள் பாதுகாப்புக் குறைகளை அடைப்பவை. அவற்றை விடாமல் போடுங்கள். ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய பதிப்பை மட்டும், முதல் சில வாரங்கள் மற்றவர்கள் போட்டுப் பார்க்கும்வரை தள்ளிவைப்பது புத்திசாலித்தனம். போடும் முன் பேட்டரியில் பாதிக்கு மேல் இருக்கட்டும், சேமிப்பிடத்தில் சில ஜிபி காலியாக இருக்கட்டும். படங்களுக்குப் பேக்கப் எடுப்பவர்கள்கூட மறப்பது, இரண்டாம் கட்டக் கடவு எண்களைத் தரும் ஆதென்டிகேட்டர் செயலியை. கூகுளின் ஆதென்டிகேட்டரில் கணக்கோடு ஒத்திசைக்கும் வசதி 2023 ஏப்ரலில்தான் வந்தது. அதை இயக்கியிருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள். வாட்ஸ்அப் பேக்கப்பை முழுக் குறியாக்கத்தோடு வைத்திருப்பவர்கள் அதன் கடவுச்சொல்லையோ 64 இலக்கத் திறவுகோலையோ போனுக்கு வெளியே எழுதி வையுங்கள். அதை வாட்ஸ்அப்பாலும் மீட்டுத் தர முடியாது.

கேள்வி: இதை எழுதும்போதே என் போனில் அப்டேட் 40 சதவீதத்தில் நிற்கிறது. ஆனால் போன் வேலை செய்கிறது, பேசவும் முடிகிறது. அணைத்துப் போடலாமா?

பதில்: போடலாம். அப்டேட் ஓடும்போதே போனைப் பயன்படுத்த முடிகிறது என்றால் உங்களுடையது இரண்டு இடங்கள் உள்ள வகை. எழுதப்படுவது நீங்கள் இப்போது இயங்காத இடம். அணைத்துப் போட்டால் பழைய பதிப்பிலேயே எழும், நல்ல வைஃபை கிடைத்ததும் அப்டேட் விட்ட இடத்திலிருந்தோ முதலிலிருந்தோ தொடரும். ஆனால் வேறு எதுவும் இயங்காமல், கருந்திரையில் அப்டேட் நிறுவப்படுகிறது என்ற வரியும் சதவீதமும் மட்டுமே தெரிந்தால், அது ஒரே இடத்தின் மீது எழுதும் பழைய வகை. அப்போது எண் அசையாமல் நின்றாலும் பவர் பொத்தானைத் தொடாமல், சார்ஜரை மட்டும் மாட்டிவிட்டு ஓரிரு மணி நேரம் விட்டுவிடுங்கள்.